பழிக்கு அஞ்சாத ஆலோசகன்

செயற்கை நுண்ணறிவை எந்தத் தேசத்து ஜனங்கள் எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்று அளந்து பார்க்கப் புறப்பட்ட ஆராய்ச்சிகளுள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் கே.பி.எம்.ஜி. நிறுவனமும் சேர்ந்து 2023ஆம் ஆண்டு வெளியிட்டது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 17 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்டவர்களை வினவிய அந்த ஆராய்ச்சியில், நம்பத் தயாராயிருப்பதாகச் சொன்னவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 75 பேர். ஜப்பானில் 23 பேர். பின்லாந்தில் 16 பேர். இந்த எண்களைக் கண்ட பத்திரிகைகளும் வியாபார ஸ்தாபனங்களும், கீழ்த்திசையார் இயல்பிலேயே நம்பிக்கை மிகுந்தவர்கள் என்றும், வடதிசைக் குளிர்நாட்டார் சந்தேகப் பிராணிகள் என்றும், ஆகவே பேசும் யந்திரங்களுக்கு எதிர்காலச் சந்தை இந்தியாவே என்றும் தீர்மானித்துவிட்டன. ஆனால் அந்த எண்ணிக்கையில் அடங்கிய 75 பேரில் ஒருவரையேனும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கரும்புக் கொல்லையிலோ, கல்வராயன் மலைச் சரிவிலோ சந்திக்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பினால், விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துபோவதாயில்லை. இணையத்தின் வாயிலாக எடுக்கப்பட்ட கருத்தறிதல் அது. இந்தியா போன்ற நாடுகளில் அதற்கு விடையளித்தோர் பெரும்பாலும் நகரவாசிகள், உயர்கல்வி பெற்றவர்கள். அவர்கள் சொன்னது பொய்யென்பதன்று நம் வாதம். அவர்கள் சொன்னதற்கு நம்பிக்கை என்று பெயரிடலாமா என்பதே நாம் ஆராயப் புகுவது.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் கோமுகி அணைக்கு அருகே இருப்பது கச்சிராயபாளையம். 1960களில் கட்டப்பட்ட அந்த அணையின் பாசனமும், கள்ளக்குறிச்சி 2 கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், மேட்டுநிலத்து மரவள்ளியும், மலையிலிருந்து இறங்கிவரும் கடுக்காயும் தேனும் சாமையுமாக ஊரின் ஜீவனம் நடக்கிறது. இங்கே ஓர் உழவர் ஆலோசனை கேட்க வேண்டுமானால் அவருக்கு நாலைந்து வாசல்கள் உண்டு. ஆலையில் பதிவு செய்த கரும்பானால் ஆலையின் கரும்பு உதவியாளர் கொல்லைக்கே வந்து பார்ப்பார். வெட்டு உத்தரவு எப்போது வரும் என்பதும் அவர் வாய்ச்சொல்லைப் பொறுத்தே கணிக்கப்படும். உதவி வேளாண்மை அலுவலர் மாதத்தில் சில நாள் தென்படுவார். பக்கத்துக் கொல்லைக்காரர் எப்போதும் உண்டு. எல்லோருக்கும் மேலாக, உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்காரர் இருக்கிறார். நோய் கண்ட இலையைக் கிள்ளிக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தால், இலையைத் திருப்பிப் பார்த்து ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார்.

இப்போது இந்த வரிசையில் கைப்பேசியும் வந்து சேர்ந்திருக்கிறது. உரக்கடையொன்றின் வாசலில் நாம் கண்ட காட்சி இவ்விஷயத்தின் சாரம் முழுவதையும் கொண்டிருந்தது. அறுபது வயதைக் கடந்த ஒருவர், மகன் கற்றுக்கொடுத்தபடி கைப்பேசியை வாயருகே பிடித்து, மரவள்ளிக் குருத்து சுருண்டு வெள்ளை வெள்ளையாய் அப்பியிருக்கிறதென்று அதனிடம் சொல்லிக் கேட்டார். அது தெளிந்த தமிழில், தயக்கமின்றி, மாவுப்பூச்சி என்று சொல்லி மருந்தின் பெயரையும் எக்டேருக்கு இவ்வளவு என்ற அளவையும் கூறியது. பெரியவர் அதைக் கேட்டு முடித்ததும் கைப்பேசியைக் கடைக்காரரிடமே நீட்டி, "தம்பி, இது சொல்றது நம்ம கொல்லைக்கு ஒத்து வருமா?" என்றார். கடைக்காரர், "பேரு சரிதாங்கய்யா. எக்டேருக்குன்னு சொல்லுது, டேங்குக்கு எவ்வளவுன்னு நான் சொல்றேன்" என்றார். பெரியவர் தலையசைத்து உள்ளே போனார். யந்திரத்தின் வாக்கை அவர் மறுக்கவுமில்லை. அதை நம்பிப் பணத்தை அவிழ்க்கவுமில்லை. மனிதர் ஒருவர் அதற்குப் பிணை நிற்கும்வரை அவ்வாக்கு அவருக்கு வெறும் சமாசாரமாகவே இருந்தது.

கடைக்காரருக்கு மருந்து விற்பதில் லாபமுண்டு என்பதைப் பெரியவர் அறியாதவரல்லர். விற்காமல் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடக்கூடியவர் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதே கடைக்காரர் அறுவடை வரையில் கடனுக்குச் சரக்குக் கொடுத்திருக்கிறார். பயிர் கெட்டால் அவருடைய பணமும் சேர்ந்து கெடும். சுயநலம் உள்ளவரென்று தெரிந்தும் ஒருவரை நம்புவதற்கு, அந்தச் சுயநலமே நம்முடைய நலத்தோடு பிணைக்கப்பட்டிருப்பது போதுமான ஆதாரமாகிறது. மேல்நாட்டு நிர்வாக சாஸ்திரத்தில் 1995ஆம் ஆண்டு மேயர், டேவிஸ், ஷூர்மன் என்னும் மூவர் எழுதிய பிரசித்தமான கட்டுரை, நம்பப்படுகிறவனிடம் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்னும் மூன்று இலக்கணங்கள் தேடப்படுவதாக வகுத்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய நம்பிக்கை ஆராய்ச்சிகளுள் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்த மூன்றின் கிளைகளையே அளந்து கொண்டிருக்கின்றன. உரக்கடை மேசையில் நாம் கண்டதோ இம்மூன்றிலும் அடங்காத நான்காவதொன்று: தவறினால் இவருக்கு என்ன நஷ்டம் என்னும் கணக்கு.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல், ஒருவனை வினைக்கு அமர்த்துமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழியாலும் அவனைச் சோதிக்கச் சொல்வதும், கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அமைச்சரைத் தேர்வதற்கு ஏறக்குறைய அதே நான்கு சோதனைகளைக் கூறுவதும் கற்றோர் அறிந்தவை. அதே அதிகாரத்தில், சுற்றமற்றவரைத் தெளியலாகாது, அவர்க்குப் பற்றில்லை, பழிக்கு நாணுவதும் இல்லை என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இந்தச் சோதனைகளைப் பேசும் யந்திரத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். அதற்குப் பொருளாசை காட்ட முடியாது. இன்பத்தால் மயக்க முடியாது. உயிரச்சம் என்பதற்கு இடமே இல்லை. சோதனையில் அது தேறுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் சோதனைக்கே உட்படாத பொருள் அது. சுற்றமற்றதும், பழிக்கு நாணாததும், நேற்றுச் சொன்னதற்கு மாறாக இன்று சொன்னால் முகம் வாடாததுமான ஓர் ஆலோசகனைப் பழைய நூலார் கண்டிருந்தால், அவன் கல்வியை மெச்சியிருப்பார்கள். கருவூலச் சாவியைக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் மனிதன் யந்திரத்தோடு பேசத் தொடங்கியவுடனே அதை மனிதனாகவே பாவித்துவிடுகிறான் என்பதற்கும் அறுபதாண்டுச் சாட்சியம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டு வெளிப்படுத்திய எலைசா என்னும் நிரல், எதிராளி சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாக்கித் திருப்பிச் சொல்லும் எளிய வித்தையன்றி வேறில்லை. அது செய்யப்பட்டதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய காரியதரிசியே, அதனோடு பேசுகையில் அவரை அறையைவிட்டு வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். ஸ்டான்போர்டின் கிளிபர்ட் நாஸ், ஜெர்மானிய மோட்டார் வாகனமொன்றில் வழி சொல்லும் பெண்குரலை அந்நாட்டு ஆண்கள் சிலர் ஏற்க மறுத்ததால் அந்த ஏற்பாட்டைத் திரும்பப்பெற நேர்ந்த கதையைச் சொல்வதுண்டு. பெண்ணிடம் வழி கேட்பதா என்பது அவர்கள் ஆட்சேபம். அது பெண்ணன்று, பதிவு செய்த ஒலி என்று விளக்கியும் பயனில்லையாம். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையொன்று இதன் மறுபுறத்தைக் காட்டி, ஏவலுக்கு இணங்கும் உதவியாளர் குரல்கள் பெரும்பாலும் பெண்குரல்களாக அமைக்கப்படுவதைக் கண்டித்தது. வழிகாட்டும் குரல் பெண்குரலாயிருக்கக் கூடாது, ஏவல் கேட்கும் குரல் பெண்குரலாகவே இருக்க வேண்டும் என்றால், இதில் யந்திரத்தைப் பற்றிய செய்தி குறைவு. மனிதரைப் பற்றிய செய்தியே அதிகம்.

தமிழ்நாட்டு உழவருக்கு யந்திரத்திலிருந்து வரும் குரல் புதிதென்று எண்ணுவது சரித்திரம் அறியாமையாகும். 1960களின் நடுவில் தஞ்சை ஜில்லாவில் ஏடிடி 27 என்னும் குறுவை நெல் பரவியபோது, திருச்சி வானொலியின் வழியாக அதை அறிந்த உழவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டார்கள். கண்ணால் காணாத ஒருவர் பெட்டிக்குள்ளிருந்து சொன்னதைக் கேட்டு விதையை மாற்றிய அந்தச் சம்பவத்தை, ஜனங்கள் குரலுக்கு மயங்கினார்கள் என்று பொருள்கொண்டால் பிழை. அதே காலத்தில் தஞ்சையில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் நடந்து கொண்டிருந்தது. வானொலி சொன்ன விதையைக் கொடுக்க டிப்போ இருந்தது. விதைத்ததைப் பார்க்கக் கிராம சேவக் வந்தார். நான்கே மாதத்தில் களத்தில் நெல் வந்து சாட்சி சொல்லிற்று. குரல் ஒரு நுனியாகவும் மனிதர் ஒரு நுனியாகவும் நின்ற சங்கிலி அது. பின்னுக்கு வந்த தொழில்நுட்ப உற்சாகிகள் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கிலியை விட்டுவிட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

இதே உண்மையை இன்னும் துலக்கமாகக் காட்டுவது புதுச்சேரிக் கடற்கரையில் நடந்த செய்தி. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து, அலையின் உயரம், சந்தை விலை, அரசாங்க உதவி முதலியவற்றை உள்ளூர் இளைஞர்களின் வாயிலாகவும் ஒலிபெருக்கி வாயிலாகவும் அறிவித்துவந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கூறிய எச்சரிக்கை, நல்லவாடு கிராமத்தின் அந்த ஒலிபெருக்கி வழியே ஒலித்தது. ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். ஏன், எதற்கு என்று நின்று விசாரிக்க நேரமில்லாத அந்தக் கணத்தில் ஒரு கருவியின் குரலுக்கு ஊர் முழுவதும் கட்டுப்பட்டது எதனால்? பல ஆண்டுகளாக அலையின் உயரத்தைச் சொல்லிவந்த ஒலிபெருக்கி அது; அதில் பேசுகிறவரின் வீடு இன்ன தெருவில் இருக்கிறதென்று ஊருக்குத் தெரியும்.

இனி, தேசந்தோறும் நம்பிக்கை வேறுபடுவதற்குக் கலாசாரமே காரணம் என்னும் சித்தாந்தத்துக்கு வருவோம். டச்சுக்காரராகிய கீர்ட் ஹாப்ஸ்டீட், ஐ.பி.எம். கம்பெனி தன் சிப்பந்திகளிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்தறிதல்களை வைத்துக்கொண்டு, அதிகாரத்துக்குப் பணிதல், நிச்சயமின்மைக்கு அஞ்சுதல் முதலிய சில அளவுகோல்களால் உலகத் தேசங்களையெல்லாம் அளந்து 1980இல் ஒரு பெருநூல் எழுதினார். ஒரே கம்பெனியின் ஊழியர்களைக் கொண்டு ஒரு தேசத்தின் மனத்தை அளக்கலாமா என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தும், அளவுகோல் கையடக்கமாயிருந்தபடியால் அது நிலைத்துவிட்டது. பேசும் யந்திரங்கள்பால் இன்ன தேசத்தாருக்கு நம்பிக்கை ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று விளக்குவோர் இன்றும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதைவிடக் கூர்மையான சிந்தனை ஜப்பானியராகிய தோஷியோ யமகிஷியுடையது. அறியாதவரை நம்பலாமா என்று கேட்டால் ஜப்பானியரைவிட அமெரிக்கரே அதிகம் நம்புவதாகச் சொல்வதைக் கண்ட அவர், ஜப்பானிய சமூகத்தில் நம்பிக்கையென்று வெளியார் காண்பது பெரும்பாலும் நம்பிக்கையன்று, ஒருவர்க்கொருவர் கண்காணிப்பிலும் நீண்டகால உறவிலும் பிறந்த உத்தரவாதமே என்று பிரித்துக் காட்டினார். உத்தரவாதம் இருக்கும் இடத்தில் நம்பிக்கை தேவைப்படுவதில்லை. கச்சிராயபாளையத்து உரக்கடைக்கும் இந்த வாக்கியம் அப்படியே பொருந்துகிறது. கடைக்காரரை யாரும் நம்பிக்கொண்டிருக்கவில்லை, அவர் ஓடிவிட முடியாதென்று அறிந்திருக்கிறார்கள்.

கருத்தறிதலில் ஜனங்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தைப் பற்றி இந்திய மண்ணிலேயே நடந்த இரண்டு ஆராய்ச்சிகள் மறக்கத்தகாதவை. 2012ஆம் ஆண்டு நிக்கோலா டெல் முதலானோர் பெங்களூரில் 450 பேரிடம் நடத்திய சோதனையில், ஒரே மாதிரியான இரண்டு சாதனங்களைக் காட்டி எது நல்லதென்று கேட்டபோது, கேட்பவர் செய்ததென்று கருதப்பட்ட சாதனத்தையே இரண்டரை மடங்கு அதிகம் பேர் புகழ்ந்தார்கள்; கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த அயல்நாட்டாராயிருந்தபோது அது ஐந்து மடங்காயிற்று. வந்தவர் மனம் கோணாமல் பேசுவது நம்மவர் பண்பாடு. அந்த உபசாரம் ஆராய்ச்சியாளரின் ஏட்டில் நம்பிக்கையென்று பதிவாகிவிடுகிறது. அதே ஆண்டில் நீல் பட்டேல் முதலானோர் குஜராத்தில், தொலைபேசிக் குரல்வழி வேளாண் குறிப்புகளை, சிலவற்றை விஞ்ஞானிகளின் குரலிலும் சிலவற்றைச் சக உழவர்களின் குரலிலும் அனுப்பிப் பார்த்தார்கள். யாரை நம்புகிறீர்கள் என்று நேரில் கேட்டால், விஞ்ஞானியை என்றார்கள். ஆனால் குறிப்பைக் கேட்டபின் மேலும் விவரம் அறியத் தொலைபேசியை எடுத்தது, சக உழவர் பேசிய குறிப்புகளுக்கே அதிகமாயிருந்தது. வாய் மரியாதையைச் சொல்லிற்று. கை அனுபவத்தைத் தேடிற்று.

ஆனால் இந்தியரின் அந்த 75 விழுக்காடு முழுவதும் உபசாரமே என்று தள்ளிவிடவும் முடியாது. ஷிவானி கபானியா முதலானோர் 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்திய இணையப் பயனாளர் 459 பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்தும் 32 பேரிடம் நேர்காணல் நடத்தியும், செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே ஒருவித அதிகாரம் வழங்கப்பட்டிருப்பதையும், அந்த அதிகாரம் யந்திரத்தின் நிரூபணத்தால் வந்ததன்று என்பதையும் கண்டறிந்தது. மனித நிர்வாகத்தோடு ஒப்பிட்டே ஜனங்கள் யந்திரத்தை மெச்சினார்கள். லஞ்சம் கேட்காதது, ஜாதி பார்க்காதது, நாளை வா என்று சொல்லாதது எதுவாயினும் அது தெய்வத்துக்குச் சமம் என்று தோன்றும் அளவுக்கு மனித உத்தியோகஸ்தரிடம் பட்ட அனுபவம் ஒருவருக்கு இருக்குமானால், அவர் யந்திரத்தை நம்புவதாகச் சொல்வது உண்மையில் மனிதரைப் பற்றிய புகார்மனு. கல்வராயன் மலைவாசிகளாகிய மலையாளிப் பழங்குடியினரைப் பொறுத்தவரை இது மிகையன்று. மலை 1976 வரையில் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்தது. அரசாங்கம் என்பதே மலையேறி வந்து ஐம்பதாண்டுதான் ஆகிறது. அவர்களுடைய பல சிற்றூர்களுக்குக் கைப்பேசி அலை இன்னும் ஒழுங்காக எட்டவில்லை. எட்டிய இடத்திலும் அவர்கள் பேசும் தமிழை யந்திரம் எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது என்பது தனிப் பிரச்சினை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 22 மொழிகளில், 145 மாவட்டங்களில், 16,000க்கும் மேற்பட்டோரின் இயல்பான பேச்சைத் திரட்டிய முயற்சி மிகுந்த பாராட்டுக்குரியது. ஆனாலும் ஒவ்வொரு மலைச்சரிவின் பேச்சும் அதற்குள் வந்துவிடுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் பொறுத்தமட்டில் இந்த ஆராய்ச்சி வெறும் ஊகத்தில் நிற்க வேண்டியதில்லை. கையில் ஒரு பிரத்தியட்ச சம்பவம் இருக்கிறது. உழவர் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையில் வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் பி.எம். கிசான் திட்டத்தில், 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் பதிவுமுறை தளர்த்தப்பட்டபோது, அதிகாரிகளின் கடவுச்சொற்கள் தரகர் கைக்கும் கணினி மையங்களின் கைக்கும் போய், நிலமே இல்லாதவர்களும் வெளியூரார்களும் லட்சக்கணக்கில் உழவர்களாகப் பதிவு பெற்றார்கள். முறைகேடு முதலில் வெளிப்பட்ட மாவட்டங்களுள் கள்ளக்குறிச்சி ஒன்று. மாநிலம் முழுவதிலும் மோசடித் தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்றும், தகுதியற்றோர் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து தொகை திரும்ப எடுக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டுவது, கணினி தன் கடமையில் ஓர் இம்மியும் தவறவில்லை என்பதே. கொடுக்கப்பட்ட கடவுச்சொல் சரியாயிருந்தது. அது கதவைத் திறந்தது. திறந்த கதவின் வழியே யார் நுழைந்தார் என்பதுதான் தவறாகப் போயிற்று.

இதற்கு மூன்றாண்டு கழித்து, 2023 செப்டம்பரில், அதே திட்டத்துக்காகவே கிசான் இ-மித்ரா என்னும் பேசும் யந்திரத்தை மத்திய அரசாங்கம் கொண்டுவந்தது. தொடங்கிய நாளிலேயே அதற்குத் தமிழும் உண்டு. பின்னர் 11 மொழிகளாயின. நாளொன்றுக்கு 20,000க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடையளிப்பதாக அரசாங்கம் சொல்லுகிறது. என் தவணை ஏன் வரவில்லை என்று கேட்டால், ஆதார் இணைப்பு முடியவில்லை, நில விவரம் சேர்க்கப்படவில்லை என்று காரணம் சொல்லும். இதில் ஒரு நன்மையை மறுக்கலாகாது: இந்த யந்திரத்தின் வாக்கைச் சோதிக்க உழவரிடமே உரைகல் இருக்கிறது. தவணை வந்துவிட்டது என்று அது சொன்னால் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்துவிடலாம். ஆகவே இவ்விடத்தில் நம்பிக்கை பிறப்பதற்கு வழி உண்டு. இரண்டு மூன்று முறை சொன்னது சரியாயிருந்தால் நான்காவது முறை உழவர் புத்தகத்தைத் தேடமாட்டார். ஆனால் நில விவரம் சேர்க்கப்படவில்லை என்று அது சொன்ன பிறகு நடக்க வேண்டியது என்ன? உழவர் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை அலுவலகத்துக்கும்தான் போக வேண்டும். அங்கே போய், யந்திரம் இப்படிச் சொல்லிற்று என்று சொன்னால், எந்த யந்திரம், எப்போது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். அலுவலர் எழுதிக்கொடுத்த துண்டுக்காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு யந்திரத்தின் வாய்மொழிக்கு எந்த மேசையிலும் இல்லை.

வேளாண் ஆலோசனையோ இதைவிட ஆபத்தான பிரதேசம். மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்தில் காணப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் பெருநாசம் விளைவித்தது. அதன் இயற்கைப் பகையாகிய சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் தருவித்துப் பெருக்கி, 2022இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விடத் தொடங்கினார்கள். குளவி விட்ட கொல்லையில் கண்டபடி மருந்தடித்தால் பூச்சிக்கு முன்னால் குளவி சாகும். உலகத்துப் புத்தகங்களையெல்லாம் படித்த யந்திரம், மாவுப்பூச்சிக்கு மருந்து என்ன என்ற கேள்விக்குப் பொதுவிடையைச் சொல்வது இயல்பு; பக்கத்துக் கொல்லையில் போன மாதம் குளவி விட்டார்களா என்பது அதற்குத் தெரிய வழியில்லை, கேட்கவும் தோன்றுவதில்லை. உரக்கடை வாசலில் பெரியவர், நம்ம கொல்லைக்கு ஒத்து வருமா என்று கேட்டாரே, ஆராய்ச்சியாளர் அளக்கும் நம்பிக்கை அவிசுவாசம் இரண்டிலும் சேராத அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. கடைக்காரரிடம் அதற்கு முழுவிடை கிடைத்ததா என்பது வேறு சங்கதி. குளவியைப் பற்றி மருந்து விற்பவர் மறக்காமல் சொல்வாரென்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகந்தான்.

ஆகவே பொறுப்பேற்கும் மனிதரின்றி யந்திரத்தின் வாக்கு நிறைவு பெறாது என்று நாம் சொல்வதைக் கிராமத்தாரின் பழைமைப் பற்று என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று இதே முடிவுக்குத்தான் வந்தது. ஏர் கனடா விமானக் கம்பெனியின் உரையாடல் யந்திரம், உறவினர் இறந்த காரணத்தால் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறாகச் சொல்லிற்று. வழக்கு வந்தபோது, அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிப் பிறவி என்னும் தோரணையில் கம்பெனி வாதாடியது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல், தன் தளத்தில் சொல்லப்பட்டதெல்லாவற்றுக்கும் கம்பெனியே பொறுப்பென்று சொல்லி நஷ்டஈடு கொடுக்கச் செய்தது. 2025இல் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் கே.பி.எம்.ஜி.யும் 47 நாடுகளில் 48,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, பயன்படுத்துவோர் மூன்றில் இரண்டு பங்காகப் பெருகியிருந்தும், நம்பத் தயாரென்றவர்கள் பாதிக்குக் குறைவே. ஜனங்கள் பயன்படுத்துகிறார்கள், நம்பவில்லை. இதில் முரண்பாடு எதுவுமில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸின் பிரேக்கை நம்பியா எல்லோரும் ஏறுகிறார்கள்? ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் ஏறுகிறார்கள்.

இதற்குச் செய்ய வேண்டிய பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. 1800 180 1551 என்னும் எண்ணில் உழவர் அழைப்பு மையம் 2004 ஜனவரி முதல் நடந்துவருகிறது; காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரையில் தமிழிலும் மனிதர் பேசுகிறார்; முதலில் எடுத்தவருக்கு விடை தெரியாவிட்டால் மேல்நிலை வல்லுநருக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அரசாங்கத்தின் பேசும் யந்திரம் உழவருக்குச் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து, அதன் கீழே இந்த மையத்தின் எண்ணையும் அந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து உழவரின் கைப்பேசிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அந்த விடை எண்ணோடு வரும் உழவரை, எந்த யந்திரம் என்று கேட்டுத் திருப்பியனுப்பாமல், வட்டார அலுவலகம் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பதில் சொல்லியாக வேண்டும். கிசான் இ-மித்ராவுக்கு மத்திய வேளாண்மை அமைச்சகமும், உழவன் செயலிக்கு மாநில வேளாண்மைத் துறையும், வெட்டு உத்தரவு விஷயத்தில் கச்சிராயபாளையம் ஆலை நிர்வாகமும் இந்த ஏற்பாட்டைச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கரும்பு அரவைப் பருவம் தொடங்குமுன் அவர்கள் இதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.